கடையா, வைத்தியசாலையா?

“அக்கா, இந்த யாவாரத்தை விட்டிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஏதும் வேலைக்குப் படிக்க ஏலுமா?”

திருகோணமலை நகரிலும் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்கள் குழுக்களைச் சந்திக்கப் போகும்போது, இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. மூதூர்ப் பக்கம் கருவாடு வாங்கி விற்கின்ற சகோதரி கேட்கிறார். முகாமைத்துவம் படித்துவிட்டுக் கடன் நிறுவனமொன்றில் வேலை செய்கின்ற தங்கை கேட்கிறாள். தனக்காகக் கேட்காமல் மகளுக்காகக் கேட்கின்ற தாய்மாரும் இருக்கிறார்கள். “எங்கட கடை எங்களோட போகட்டும் பிள்ளை, இவளாவது வெள்ளை உடுப்புப் போடட்டும்” என்பார்கள்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் கேட்பவரின் வயது, அவர் உயர்தரத்தில் எடுத்த பாடம், வீட்டில் சாப்பிட எத்தனை பேர், கட்ட வேண்டிய கடன் எவ்வளவு என்பவற்றைப் பொறுத்து மறுமொழி முற்றாக மாறிவிடும். பலர் இதைத் தனியே மனதுக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வருடங்களைக் கழித்துவிடுகிறார்கள். அதனால் இம்முறை இதைக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

விரும்பிப் போன தொழிலா?

எங்களில் பலருக்கு வியாபாரம் விரும்பித் தெரிந்தெடுத்த தொழில் அல்ல. வடக்குக் கிழக்கில் போரினால் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர் என்றும், அவர்களில் 49,000 பேர் கிழக்கு மாகாணத்தில் இருக்கிறார்கள் என்றும் 2010இல் அரசாங்கத் தரப்பிலேயே சொல்லப்பட்டது. இந்த மாவட்டத்தில் மட்டும் 1985, 1990 இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 கடல்கோள், 2006இல் மூதூர், சம்பூர் மக்களின் இடப்பெயர்வு என்று ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. உழைக்கிறவர் இல்லாமல் போன வீட்டில் அடுத்த நாளே அடுப்பு எரிய வேண்டும். இடியப்பம் அவிப்பதும், கோழி வளர்ப்பதும், சட்டை தைப்பதும், கருவாடு கட்டி விற்பதும் அப்படித்தான் தொடங்கின.

உதவி செய்ய வந்த நிறுவனங்களும் “சுயதொழில்” என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்தில் பதினைந்து பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது என்று கேட்க ஆள் இருக்கவில்லை. பிறகு நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை குழுவாக இருந்து கட்ட வேண்டிய காசு. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018இல் வடக்குக் கிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. அதற்குப் பிறகு 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி. மாவும் சீனியும் எண்ணெயும் விலை ஏறியபோது சிறு வியாபாரம் செய்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள்.

இதற்குப் பக்கத்தில் வைத்தியசாலை வேலையை வைத்துப் பாருங்கள். மாதம் முடிந்தால் சம்பளம். அரசாங்க வேலையென்றால் வங்கியில் மரியாதையாகக் கதிரை போட்டுப் பேசுவார்கள். கிராமத்தில் “மிஸ்ஸி” என்று கூப்பிடுவார்கள். ஆசை வருவது ஆச்சரியமில்லை. இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. காயப்பட்டவரைப் படங்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை பாதைக்குக் காத்து நின்று நோயாளிகளைக் கொண்டுவந்த மக்கள் நாங்கள். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து பெரியாஸ்பத்திரி சேர்ந்த கர்ப்பிணிகள் எத்தனை பேர்? அந்த நேரத்தில் ஒரு தாதியோ மருத்துவமாதோ பக்கத்தில் இருந்தது எவ்வளவு பெரிய விடயம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். “நானும் அப்படி ஒருத்திக்கு உதவ வேணும்” என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. அதைச் சம்பள ஆசை என்று தள்ளிவிடக் கூடாது.

ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடன்காரரிடமிருந்து தப்புவதற்காக வைத்தியசாலைப் பக்கம் பார்க்கிறோமா, நோயாளியின் பக்கம் போக விரும்பிப் பார்க்கிறோமா? முதலாவது என்றால் தொழிலை மாற்றினாலும் கடன் கூடவே வரும். சம்பளப் பட்டியலில் கழிபடும், அவ்வளவுதான்.

கடையும் நடத்தி நோயும் பார்த்த பெண்

இந்த இரண்டு தொழிலையும் ஒரே கையில் வைத்திருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் மேரி சீக்கோல். 1805இல் யமேக்கா தீவின் கிங்ஸ்ரன் துறைமுக நகரில் பிறந்தவர். தாய் ஒரு விடுதி நடத்தினார், கூடவே நாட்டு மருந்து கொடுத்து நோயும் பார்த்தார். மகள் இரண்டையும் தாயிடம் கற்றார். 1843இல் கிங்ஸ்ரனில் பரவிய பெருந்தீயில் வீடு எரிந்தது. மறு வருடம் கணவர் இறந்தார், அதைத் தொடர்ந்து தாயும் போய்ச் சேர்ந்தார். விடுதியைத் திரும்பக் கட்டி நடத்தினார். 1850இல் யமேக்காவில் கொலரா பரவியபோதும், அடுத்த வருடம் பனாமாவில் பரவியபோதும் நோயாளிகளைப் பார்த்தார். பனாமாவில் அவருக்கு விடுதி வியாபாரமும் இருந்தது.

1854இல் கிரைமியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. காயப்பட்ட படையினரைப் பார்க்கத் தாதிகள் தேவை என்று கேள்விப்பட்டு இலண்டனுக்குப் போய் விண்ணப்பித்தார். எந்த அலுவலகத்திலும் எடுக்கவில்லை. கறுப்பு நிறம்தான் காரணமோ என்று அவரே பின்னர் எழுதினார். வயதும் ஐம்பதை நெருங்கியிருந்தது. அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. உறவினர் ஒருவரோடு பங்கு சேர்ந்து, சொந்தக் காசில் கப்பலேறி, 1855இல் பலக்லாவா துறைமுகத்துக்குச் சற்று மேலே மரத்துண்டும் தகரமும் பொறுக்கி ஒரு கட்டடம் எழுப்பினார். சாப்பாடும் சாமான்களும் விற்கும் கடை அது. காசுள்ள அதிகாரிகளுக்கு விற்ற அந்தக் கையே, வயிற்றோட்டத்தோடு வந்த சாதாரண சிப்பாய்க்கு மருந்தும் கொடுத்தது. போர்க்களத்துக்கும் போய்க் காயங்களுக்குக் கட்டுப் போட்டார்.

1856இல் போர் திடீரென்று முடிந்தது. வாங்கி வைத்த சரக்கு விலைப்படவில்லை. கடனில் மூழ்கி இலண்டன் திரும்பினார், அதே வருடம் வங்குரோத்து ஆனவராக அறிவிக்கப்பட்டார். அவரிடம் மருந்து வாங்கிய படையினர் சேர்ந்து காசு திரட்ட விழா எடுத்தார்கள். அதிலும் அவர் கைக்கு வந்தது மிகக் கொஞ்சம்தான். 1881இல் இறந்தார். அதன் பிறகு நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்த அவருக்கு 2016இல் இலண்டனில் செயின்ற் தோமஸ் வைத்தியசாலை வளவில் சிலை வைத்தார்கள்.

அவர் தாதியா, வியாபாரியா என்று அங்கே இன்றும் எழுதி வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் விளங்கவில்லை. எங்கள் ஊர்களில் கடை வைத்திருந்துகொண்டே பிள்ளைப்பேறு பார்த்த கிழவிகள் இருந்தார்கள். அவர்களை யாரும் இப்படிப் பிரித்துக் கேட்கவில்லை. சீக்கோலுக்குக் கதவு திறக்காதபோது வழி அமைத்துக் கொடுத்தது அவருடைய வியாபாரம்தான். அவரைக் கடைசியில் கவிழ்த்ததும் அந்த வியாபாரம்தான், போர் முடியும் என்று கணக்குப் பார்க்காமல் சரக்கு ஏற்றியதால். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எந்தக் கதவு யாருக்கு?

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். “ஆஸ்பத்திரி வேலை” என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதற்குள் பல வாசல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வயது வேறு, படிப்பு வேறு.

வைத்தியர் என்றால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்து, இசட் புள்ளி போதுமான அளவு பெற வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் பரீட்சை எழுதலாம். திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்குச் சிறு சலுகை உண்டு. பிறகு ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இது பதினாறு வயதில், சாதாரண தரம் முடிந்தவுடன் எடுக்க வேண்டிய முடிவு. “கணக்கியல் லேசு, வேலை கெதியாக் கிடைக்கும்” என்று பிள்ளையை வர்த்தகப் பிரிவில் சேர்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் “டொக்டராகலாமா?” என்று கேட்பதில் பயனில்லை. ஒரு முறை அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பதிந்து படித்தவருக்கு இரண்டாவது முறை அந்த வாசல் திறப்பதும் மிக அரிது.

காணியை விற்றுப் பிள்ளையை வெளிநாட்டில் வைத்தியம் படிக்க அனுப்பலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரம் பெற்றதா, படித்து வந்த பிறகு இங்கே எழுத வேண்டிய பரீட்சை என்ன என்பவற்றை முகவரிடம் கேட்காமல் சபையிடமே கேட்க வேண்டும். முகவருக்குத் தரகு கிடைப்பது பிள்ளை விமானம் ஏறும்போது. காணி அதற்கு முன்பே போயிருக்கும்.

சித்த மருத்துவம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதே வளவுக்குள் வியாபார முகாமைத்துவமும் படிப்பிக்கிறார்கள், சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். ஒரே சிற்றுண்டிச்சாலையில் தேநீர் குடிக்கின்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று கணக்கேட்டோடு போகிறது, மற்றது மூலிகைப் பெயர் பாடமாக்கிக்கொண்டு போகிறது. முகாமைத்துவம் படித்த தங்கை ஒருத்தி, “நான் தவறான கட்டடத்துக்குள்ள போயிட்டன் போல” என்று சொல்லிச் சிரித்தாள். சித்த மருத்துவத்துக்கும் உயிரியல் பிரிவுதான் வேண்டும், படிப்பும் ஐந்து வருடம், அதன்மேல் உள்ளகப் பயிற்சி. ஆனால் பரம்பரையாக முறிவு, விஷகடி வைத்தியம் பார்க்கின்ற குடும்பங்களுக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பாரம்பரிய வைத்தியராகப் பதிவதற்கு வேறு வழி இருக்கிறது. தகப்பனுக்குப் பின் அந்தக் கைமருந்தை மகள் எடுத்து நடத்துவது பலருக்கு நினைவில் வருவதே இல்லை. மகன் வெளிநாடு போய்விட்டால் அந்த வைத்தியம் அத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

தாதியர் பயிற்சி மூன்று வருடம். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. இதற்கும் உயர்தர விஞ்ஞானப் பாடங்கள் கேட்கப்படுகின்றன. மருத்துவமாது, அதாவது நாங்கள் குடும்பநல உத்தியோகத்தர் என்று சொல்லும் வேலை, பலரும் கவனிக்காத அருமையான வேலை. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது கட்டி எழுப்பப்பட்ட ஏற்பாடு அது. 1940களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 1,500 தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். இப்போது அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. வைத்தியசாலைகளும் இரத்த வங்கியும் படிப்பும் வீதியும் எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. ஆனாலும் மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக ஏறி இறங்கிய அந்தப் பெண்களின் பங்கை ஒதுக்கிவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. எங்கள் மாவட்டத்தில் தமிழ் பேசுகின்ற வீட்டுக்குத் தமிழ் பேசும் மருத்துவமாது வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வேலைகளுக்கெல்லாம் வர்த்தமானி அறிவித்தல் வரும். வயது, பாடம், உயரம், திருமண நிலை என்று அதில் கேட்பவை அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறக்கூடியவை. பொதுவாக முப்பதை அண்டியவுடன் இந்தக் கதவுகள் மூடத் தொடங்கிவிடுகின்றன. போரில் பத்து வருடத்தை இழந்த பெண்ணுக்கு இந்த வயதெல்லை நியாயமில்லை என்பது என் கருத்து. அகதி முகாமில் இருந்த வருடங்களைக் கழித்து வயதைக் கணக்கிடச் சொல்லி எங்கள் பெண்கள் அமைப்புகள் ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். இனியும் கேட்கலாம்.

முப்பத்தைந்து, நாற்பது வயதுச் சகோதரிக்கு மிஞ்சுவது என்ன? முதியோர், நோயாளர் பராமரிப்புப் பயிற்சி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு அதைச் செய்யலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் இங்கே தனியே இருக்கின்ற தாய் தகப்பனைப் பார்க்க நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் நடுத்தர வயதில் இந்தப் பயிற்சியை எடுத்துத்தான் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்கள். அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. இங்கே மட்டும் “பீ அள்ளுற வேலை” என்று முகத்தைச் சுழிக்கிறோம். தாதியும் அதைத்தான் அள்ளுகிறார். எங்களைப் பெற்றவர்களும் அதைத்தான் அள்ளினார்கள்.

வியாபாரம் தெரிந்தவருக்கு மிகவும் பொருத்தமான வாசல் மருந்துக்கடை. பதிவுபெற்ற மருந்தாளர் இல்லாமல் மருந்துக்கடை நடத்த முடியாது என்பது சட்டம். மருந்தாளரின் கீழ் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்தும் பரீட்சையை வெளிவாரியாக எழுதித் தகைமை பெறும் வழியும் இருந்து வருகிறது. கடையில் நின்ற அனுபவம், சரக்கு முடியுமுன் வாங்கி வைக்கும் பழக்கம், கடன் கேட்பவரைச் சமாளிக்கும் வாய் எல்லாம் இங்கே உதவும். ஆனால் மருந்துப் பெயரும் அளவும் பிழைத்தால் ஓர் உயிர் போகும். அரிசிக் கடையில் அரைக் கிலோ கூடிக் குறைந்தால் போகாது.

கணக்குப் படித்தவருக்கும் வேலை உண்டு

கடன் நிறுவனத்தில் வேலை செய்கின்ற அந்தத் தங்கைக்கு வருவோம். நன்றாகப் படித்தவள், வயது இருபத்தாறு. கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களிடம் தவணைக் காசு கேட்பதுதான் அவளுடைய வேலை. “காசு இல்லையெண்டு அழுகிற அம்மாமாரைப் பார்க்க ஏலாமக் கிடக்குது அக்கா. ஒரு நேர்சா இருந்தா அவங்களுக்கு நல்லது செய்திருப்பன்” என்றாள். உயிரியல் படிக்காதபடியால் அந்த வழி அவளுக்கு இல்லை. அவளுக்கு மதுரையில் நடந்ததைச் சொன்னேன்.

மதுரையில் வெங்கடசாமி என்ற கண் வைத்தியர் இருந்தார். மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முறுகிப்போனவர். அந்த விரல்களோடு சத்திரசிகிச்சைக் கத்தி பிடிக்கப் பழகியவர். அரசாங்க வேலையில் ஓய்வுபெற்றபின் 1976இல், ஐம்பத்தெட்டு வயதில், 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். குடும்பத்தவர்கள் நகைகளை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். தங்கை நாச்சியாரும் அவருடைய கணவர் நம்பெருமாள்சாமியும் கண் வைத்தியர்களாகக் கூட நின்றார்கள். நல்ல வைத்தியர்கள் இருந்தும் ஒரு குறை இருந்தது. வருகின்ற கூட்டத்தை நிரைப்படுத்தவும், காசு கட்டக்கூடியவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்யும் கணக்கை நடத்தவும் ஆள் வேண்டும்.

அந்த இடத்துக்கு வந்தவர் துளசிராஜ். கல்கத்தாவில் முகாமைத்துவம் படித்துக் கம்பனி வேலையில் இருந்தவர். 1981இல் அதை விட்டு வைத்தியசாலைக்கு வந்தார். அவர் வைத்தியம் படிக்கவில்லை, கத்தி பிடிக்கவில்லை. நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை எங்கே எவ்வளவு நேரம் வீணாகிறது, எந்தச் சாமான் எப்போது முடிகிறது என்பதைப் பார்த்தார். 1992இல் கண்ணுக்குள் வைக்கும் வில்லையைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் நூறு டொலர் அளவில் விற்றது பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. கண் தெரியாமல் மூலையில் இருந்த எத்தனையோ கிழவிகள் திரும்ப அரிசி புடைக்கப் போனதில் கணக்குப் படித்தவரின் பங்கும் உண்டு.

அரவிந்தில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே கண் பரிசோதனை, சத்திரசிகிச்சைக்கு உதவி, நோயாளர் ஆலோசனை என்று பெரும்பகுதி வேலையைச் செய்பவர்கள் கிராமத்துப் பெண்பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, கொடுப்பனவு கொடுத்து இரண்டு வருடம் பயிற்றுகிறார்கள். வைத்தியர் செய்ய வேண்டியதை மட்டும் வைத்தியர் செய்கிறார். இப்படி ஓர் ஏற்பாடு கிழக்கு மாகாணத்தில் ஏன் வரக்கூடாது என்று நான் கேட்காத கூட்டமில்லை. ‘பார்ப்போம்’ என்பதுதான் இதுவரை கிடைத்த பதில்.

தங்கை இப்போது சுகாதாரத் திட்டங்கள் நடத்தும் அமைப்புகளின் கணக்குப் பகுதிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சம்பளம் இப்போதையதைவிடக் குறையும். தாய் சம்மதிக்கவில்லை. அது இன்னும் முடியாத கதை.

சம்பளம் யாருடைய கையில்?

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் ஹைமவதி சென் என்றொரு பெண் இருந்தார். 1866இல் பிறந்து, ஒன்பது வயதில் நாற்பத்தைந்து வயது ஆணுக்குக் கட்டி வைக்கப்பட்டு, அடுத்த வருடமே விதவையானவர். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒதுக்கப்பட்டு, காசியில் கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, இருபதுகளில் மறுமணம் செய்துகொண்டார். பிறகுதான் கல்கத்தா காம்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் முதலாவதாக வந்தபோது தங்கப் பதக்கத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதா என்று மாணவர்கள் கலகம் செய்தார்கள். அவர் வெள்ளிப் பதக்கத்தையும் மாதாந்த உதவிப் பணத்தையும் ஏற்றுக்கொண்டார். பதக்கத்தை அவித்துக் குடிக்க முடியாது, உதவிப் பணத்தில் சோறு சமைக்கலாம் என்ற கணக்கு என்று நான் நினைக்கிறேன். 1894இலிருந்து ஹூக்ளியில் பெண்கள் வைத்தியசாலையைப் பொறுப்பாக நடத்தினார். ஆனால் வீட்டில் சமையலும் அவர்தான். சம்பளம் கணவரின் கைக்குப் போனது. இதையெல்லாம் அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

நூறு வருடத்துக்கு மேலான கதை என்று விட்டுவிட வேண்டாம். தாதி வேலையில் இரவு முறை உண்டு. பிள்ளைகளை யாரிடம் விடுவது? பயிற்சி மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ என்றால் யார் வீட்டைப் பார்ப்பது? இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருகின்ற பெண்ணைப் பற்றி அயலவர் என்ன பேசுவார்கள் என்பதும், பேசினால் வீட்டார் யாருடைய பக்கம் நிற்பார்கள் என்பதும் விண்ணப்பப் படிவத்தில் இல்லை. முடிவெடுக்குமுன் மாமியோடும் மூத்த பிள்ளையோடும் வாய்விட்டுப் பேச வேண்டியவை இவைதான். சொந்தக் கடைக்காரிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைப் பூட்டிவிட்டு ஓடும் சுதந்திரம் இருக்கிறது. வார்டில் நிற்பவருக்கு அது இல்லை.

கடையைப் பூட்டுமுன்

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சகோதரிக்குக் கடையில் மாதம் 40,000 ரூபா மிஞ்சுகிறது. கடன் தவணை 12,000. ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சிக்குப் போக நினைக்கிறார். கட்டணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் அவர் இழக்கும் வருமானம் 240,000. அதற்குள் 72,000 தவணையாகக் கட்டியே ஆக வேண்டும். போக்குவரத்து, உடுப்பு வேறு. பயிற்சி முடிந்த மறுநாளே வேலை கிடைக்கும் என்றும் இல்லை. ஆகவே எட்டு மாதத்துக்கு வீடு ஓட வழி இல்லாமல் கடையைப் பூட்டக் கூடாது. தங்கையோ மகளோ பகுதி நேரம் கடையைப் பார்க்க முடியுமானால், அல்லது சனி ஞாயிறு வகுப்பு கிடைக்குமானால், கணக்கு வேறு விதமாக வரும். கருவாடு விற்கின்ற சகோதரியோடு இருந்து இப்படிக் கணக்குப் போட்டபோது, அவர் கடையை விடுவதில்லை என்று முடிவெடுத்தார். அவருடைய தங்கை மகள் உயர்தரத்தில் உயிரியல் எடுத்திருக்கிறாள், அவளுக்குத் தனியார் வகுப்புக் காசு கட்டுவது இந்தப் பெரியம்மாதான்.

இன்னொன்று. தராசு, தையல் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்ற தொழிற் சாமான்களை விற்றுப் படிப்புக்குக் கட்ட வேண்டாம். திரும்பி வர ஒரு வழி இருக்கட்டும்.

ஏமாற்றுகளும் நடக்கின்றன. “ஆறு மாதத்தில் நேர்ஸ், வெளிநாட்டில் வேலை நிச்சயம்” என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஆறு மாதத்தில் அரசாங்கத் தாதி ஆக முடியாது. தனியார் பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, கொடுக்கும் சான்றிதழில் தேசிய தொழிற்தகைமை மட்டம் எத்தனை என்று எழுதியிருக்கிறதா, வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்பவற்றைப் பார்த்த பிறகே காசு கட்டுங்கள். கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. தமிழிலும் உண்டு. வீட்டில் கைத்தொலைபேசி பார்க்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் கிழமைக்கொரு முறை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேட்கலாம், நூலகத்தில் கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்தவர்கள் அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் முடிவு திகதிக்குள் கைக்குக் கிடைக்காது. பரீட்சைப் பெறுபேறு தொலைந்தவர்களும் அப்படியே, பரீட்சைத் திணைக்களத்திலிருந்து எடுத்து ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.